நிதி நிருவாகி: அலுவலும் அதற்குரிய பயிற்சியும்

தோட்டப்புறத்திலே கணக்கு என்றவுடன் கிராணியின் நினைவுதான் முதலில் வரும். பெரட்டில் பேர் போட்டு, செக்ரோல் எழுதி, சம்பளப் பட்டியலைத் துரையின் மேசையில் வைப்பது அவர் தொழிலாக இருந்தது. மதிப்புக்குரிய தொழில்தான். ஆயினும் மகளோ மகனோ கணக்கியல் படிக்க விரும்பினால், இன்றும் பெற்றோர் பலர் அந்த நாற்காலியையே எல்லையாக எண்ணிவிடுகின்றனர். அதற்கு அப்பாலும் ஒரு நாற்காலி உண்டு. அதில் அமர்பவரே நிதி நிருவாகி.

இவ்விருவர்க்கும் உள்ள வேறுபாடு யாது? கணக்கெழுதுபவர் நடந்து முடிந்ததைப் பதிகிறார். நிதி நிருவாகி நடக்கப்போவதைக் கணிக்கிறார். ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்கலாம்.

செம்பனை ஆலைகளுக்கு இயந்திர உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மாதந்தோறும் 1,00,000 வெள்ளிக்குச் சரக்கு போகிறது. இரும்புக்கும் கூலிக்கும் 70,000 வெள்ளி செலவு. ஆகவே மாத இலாபம் 30,000 வெள்ளி. ஆனால் ஆலைக்காரர் மூன்று மாதத் தவணையில்தான் பணம் கொடுப்பார். சனவரிச் சரக்கின் பணம் ஏப்ரல் முடிவில் வரும். மார்ச்சு முடிய பட்டறையிலிருந்து வெளியேறிய பணம் 2,10,000 வெள்ளி. உள்ளே வந்ததோ ஒன்றுமில்லை. தொடக்கத்தில் கையிருப்பு 1,50,000 வெள்ளியாக இருந்தால், மார்ச்சிலே 60,000 வெள்ளி குறைகிறது! ஏட்டைப் புரட்டினால் மூன்று மாத இலாபம் 90,000 வெள்ளி என்றிருக்கும். பெட்டியைத் திறந்தால் கூலி கொடுக்கக் காசிராது.

இலாபத்தோடு நடக்கும் தொழிலும் மூழ்குவது இவ்வாறுதான். கூலியும் ஊழியர் சேமநிதியும் தவணை கேட்பதில்லை. சேமநிதிப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். நல்ல நிதி நிருவாகி முந்திய டிசம்பரிலேயே பன்னிரண்டு மாத வரவு செலவை எழுதிப் பார்ப்பார். மார்ச்சின் பள்ளம் அவர் கண்ணுக்கு அப்போதே தென்படும். இரும்பு வணிகரிடம் தவணை கேட்பதா, ஆலைக்காரரிடம் முன்பணம் கேட்பதா, வங்கியை நாடுவதா என்று முதலாளியுடன் கலந்து முடிவு செய்வார். டிசம்பரில் கணக்கோடு வருபவருக்கு வங்கி காட்டும் முகம் வேறு. மார்ச்சு இறுதியில் பதறி ஓடி வருபவருக்குக் காட்டும் முகம் வேறு.

பணத்தைக் காப்பதும் அவர் கடமை. இதன் அருமையைச் சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சி உலகுக்கே உணர்த்தியது. 1762இல் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளைக்கு 1992இல் வந்தவர் நிக் லீசன். சந்தையில் வாங்கி விற்பவரும் அவரே. அவ்வியாபாரத்தின் கணக்கைத் தீர்க்கும் பிரிவுக்குத் தலைவரும் அவரே. நட்டத்தையெல்லாம் 88888 என்னும் எண்ணுள்ள கணக்கில் மறைத்து வந்தார். 1995 சனவரி 17இல் கோபே நகரில் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப் பின் சப்பானியப் பங்கு விலைகள் சரிந்தன, நட்டம் பெருகிற்று. அவர் கேட்ட பணத்தைத் தலைமையகம் தக்கவாறு ஆராயாமலே அனுப்பிக்கொண்டிருந்தது. இழப்பு 82 கோடிப் பவுனைத் தாண்டியது. பிப்ரவரி இறுதியில் வங்கி வீழ்ந்தது. பின்பு ஒரே ஒரு பவுன் விலைக்கு டச்சு நிறுவனமான ஐஎன்ஜியின் கைக்குப் போயிற்று. காசைத் தொடுபவர் கணக்கை எழுதலாகாது என்பது பழைய விதி. அலுவலகத்தில் எவ்வளவு நெருங்கியவர் முகம் கோணினாலும் அவ்விதியைத் தளர்த்தாதிருப்பது நிதி நிருவாகியின் வேலை. நண்பர்களைச் சேர்க்கும் வேலையன்று.

இவ்வலுவலுக்கு உயர் கணிதம் வேண்டும் என்னும் அச்சம் மிகையானது. கூட்டல், கழித்தல், விழுக்காடு, வட்டி ஆகியவை பிழையின்றி வந்தால் போதும். அவற்றினும் அரிதாகக் கிடைப்பது, எண்களின் பொருளை முதலாளிக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைக்கும் திறம். மலாயும் ஆங்கிலமும் தடையின்றி எழுத வராத மாணவர் இங்கேதான் இடறுகின்றனர்.

எஸ்.பி.எம். வகுப்பில் கணக்கியல் கோட்பாடு என்னும் பாடத்தை எடுப்பது நல்ல தொடக்கம். அதன்பின் எஸ்.டி.பி.எம். வழியாகப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லலாம். பொலிதெக்னிக்கில் டிப்ளோமாவும் படிக்கலாம். ஏசிசிஏ போன்ற தொழிற்றேர்வுகளில், எஸ்.பி.எம். மட்டும் முடித்தவரும் அடிப்படை நிலையில் தொடங்கி மேலேறலாம். 1904இல் இலண்டனில் தொடங்கிய அக்கழகம் 1909இலேயே ஒரு பெண்மணியை உறுப்பினராக்கியது என்பதைப் பெண் மக்களைப் பெற்றோர் அறிந்திருப்பது நன்று. தேர்வு மட்டும் போதாது. மூன்றாண்டு வேலைப் பயிற்சியும் காட்ட வேண்டும். மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெறாத ஒருவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளவும் இயலாது.

வேலைப் பயிற்சி என்பது புதிய ஏற்பாடன்று. கோலாலம்பூர் அம்பாங் வீதியிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் வீதியிலும் இருந்த செட்டியார் கிட்டங்கிகளில், சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பேரேடும் ஐந்தொகையும் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பின்னரே மேலாள் ஆவான். இன்று அந்தப் பெட்டியடியின் இடத்தில் தணிக்கை நிறுவனம் இருக்கிறது. படித்து முடித்தவுடன் பெரிய சம்பளம் தேடாமல், மூன்றாண்டு அங்கே உழைப்பது தக்கது. பல தொழில்களின் ஏடுகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிட்டாது. வேலை கடினம், ஆண்டிறுதிக் காலத்தில் இரவு வீடு திரும்ப நேரமாகும். அதன்பின் ஒரு நிறுவனத்தில் கணக்காளராய்ச் சேர்ந்து, நிதி நிருவாகி ஆவதற்குள் ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்துவிடும்.

அந்நாற்காலியில் அமர்ந்த பின் ஒரு கையொப்பம் காத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, நிதிப் பொறுப்பை ஏற்ற இயக்குநரோ, இயக்குநரல்லாத பொறுப்பாளரோ, ஆண்டுக் கணக்கு சரியானதே என்று சத்தியப் பிரமாணம் செய்து ஒப்பமிட வேண்டும். கணக்கைச் சற்றே அழகுபடுத்தித் தரும்படி முதலாளி கேட்கும் நாளும் வரக்கூடும். ஒப்பத்தின் கீழே இருப்பது முதலாளியின் பெயரன்று.

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இப்பட்டத்தை மலேசியக் கணக்காளர் கழகம் ஏற்கிறதா, தொழிற்றேர்வில் எத்தனை தாள்களுக்கு விலக்கு உண்டு? விடையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கட்டணத்தைக் கட்டலாம்.