மண்ணின் ஈரமும் மின் அலையும்



ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள் நம் பெரியவர்கள். இன்று செம்பனை நாற்றுமேடைகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் அந்த வேலையைச் செய்யச் சிறு கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் உலோகக் கம்பிகளை மண்ணில் செருகினால், ஈரம் நூற்றுக்கு எத்தனை என்று எண் தோன்றும். அந்த எண்ணை நம்பித்தான் தண்ணீரைத் திறக்கிறோம்; நிறுத்துகிறோம். எண் பிழையானால் நாற்று வாடும், அல்லது வேர் அழுகும். ஆகவே, அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதை இன்று தெரிந்துகொள்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்வோம். இக்கருவி தண்ணீரை நேராக அளப்பதில்லை. மின்காந்த அலையை மண் எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதையே இவ்வகைக் கருவிகள் பல அளக்கின்றன. நீரின் மூலக்கூறில் ஒரு பக்கம் நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் உண்டு. மின்புலம் திசை மாறும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து திரும்புகிறது. இப்படி மின்புலத்துக்கு இசைந்து கொடுக்கும் தன்மையை விடுதிறன் என்பர். காற்றுக்கு அது 1. மணலில் உள்ள குவார்ட்ஸ் கனிமத்துக்கு 4 அல்லது 5. தண்ணீருக்கோ ஏறத்தாழ 80! விடுதிறன் கூடக் கூட அலையின் வேகம் குறையும்.

30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியில் அலை போய்த் திரும்புவதாகக் கொள்வோம். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால், காற்றில் அதற்கு 2 பங்கு நேரம் போதும். விடுதிறன் 9 ஆக உள்ள மண்ணில் 6 பங்கு பிடிக்கும். 25 ஆக உள்ள மண்ணில் 10 பங்கு பிடிக்கும். 1980ஆம் ஆண்டில் டோப், டேவிஸ், அன்னன் என்னும் கனடா நாட்டு அறிஞர் மூவர், விடுதிறனைக் கொண்டு ஈரத்தைக் கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டனர். அதன்படி, விடுதிறன் 9 என்றால் மண்ணின் கன அளவில் நூற்றுக்கு 17 பங்கு நீர். 25 என்றால் 40 பங்கு நீர்.

பல வகை மண்ணுக்கு இச்சூத்திரம் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால், மண்ணில் உள்ள கனிமங்கள் மூன்று வழிகளில் கணக்கைக் குழப்புவதுண்டு.

முதலாவது, களிமண்ணின் பிடிப்பு. நம் மேட்டு நிலங்களில் மிகுதியாகக் காணப்படும் கேயோலினைட் என்னும் களிக் கனிமத்தில், ஒரு கிராமின் மேற்பரப்பு 10 முதல் 20 சதுர மீட்டர் வரை இருக்கும். ஸ்மெக்டைட் என்னும் களியிலோ அது 800 சதுர மீட்டர் வரை போகும். அதாவது, ஒரு கிராம் மண்ணுக்குள் ஏறக்குறைய பத்துப் பூப்பந்து ஆடுகளங்கள்! அப்பரப்பில் ஒட்டிய நீர், தாயின் கைப்பிடியில் அகப்பட்ட குழந்தையைப் போன்றது. விருப்பம் போல் திரும்ப முடியாது. எனவே, நீர் இருந்தும் கருவி அதைக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது, மின்சாரக் கசிவு. களியின் மேற்பரப்பில் மின்னேற்றம் உண்டு. சிலாங்கூர் கடலோரக் களிநிலம் போன்ற இடங்களில் உப்பும் சேரலாம். அப்போது மண்ணின் வழியே மின்சாரம் கசியும். குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான கருவிகள் இதையும் ஈரம் என்றே எண்ணி, கூட்டிக் காட்டிவிடும்.

மூன்றாவது, இரும்பும் டைட்டானியமும். குவாந்தான் வட்டாரத்தில் எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு மிகுதி. இத்தகைய கனிமங்களின் விடுதிறன் குவார்ட்ஸைவிட அதிகம். ரூட்டைல் என்னும் டைட்டானியக் கனிமத்தின் விடுதிறனோ தண்ணீரையே மிஞ்சும். மாக்னடைட் என்னும் காந்தக் கனிமம் அலையின் காந்தப் பகுதியையும் பாதித்து, அதன் வேகத்தை மேலும் குறைக்கும். இவை மிகுந்த மண்ணில், இல்லாத ஈரமும் இருப்பதாகத் தோன்றலாம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி, உலர்ந்த மண் தூளில் இழுத்துப் பாருங்கள். கரிய துகள்கள் திரளாக ஒட்டினால் எச்சரிக்கையாக இருங்கள்.

அப்படியானால் கருவியை ஒதுக்கிவிடுவதா? வேண்டாம்; அதற்கு நம் மண்ணை அறிமுகம் செய்துவைப்போம். கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் அளவு தெரிந்த டின்னால் மண்ணை எடுத்து நிறுக்க வேண்டும். 105 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடியும் நிறுக்க வேண்டும். 500 கன சென்டிமீட்டர் மண்ணில் 125 கிராம் எடை குறைந்தால், உண்மையான ஈரம் நூற்றுக்கு 25. கருவி 31 காட்டியிருந்தால், 6 கூடுதல் என்று பொருள். மண் காய்ந்த நாளிலும் நனைந்த நாளிலும் இவ்வாறே செய்து, எண்களை வரைபடத் தாளில் குறித்துக் கோடு வரைந்தால், அதுவே அந்த மண்ணுக்குரிய திருத்தம். வேறு வகை மண்ணுக்கு வேறு கோடு வரைய வேண்டும்.

2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா ஏவிய ‘ஸ்மேப்’ துணைக்கோளின் கணக்கிலும் மண்ணில் களி எவ்வளவு என்பது சேர்க்கப்பட்டுள்ளது. வானிலிருந்து பார்ப்பதற்கே மண்ணின் இயல்பு தெரிய வேண்டுமென்றால், மண்ணில் நின்று பயிர் செய்யும் நாம் அதை அறியாமல் இருக்கலாமா? கருவி எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குப் பொருளைத் தருவது மண்ணைப் பற்றிய அறிவு.