பரிசுக்குப் பெயர் தந்த பெண்மணி

பரிசுகளுக்குப் பெரும்பாலும் பணம் கொடுத்தவரின் பெயரையோ பதவியில் இருந்தவரின் பெயரையோ வைப்பார்கள். நெதர்லாந்தில் பல்கலைக்கழக மாணவருக்கான பரிசொன்று, பல்கலைக்கழகத்தில் படிக்காத ஒரு பெண்மணியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெண்களின் வரலாற்றை ஆராய்ந்து எழுதப்படும் சிறந்த முதுமாணி ஆய்வேட்டுக்கு அங்குள்ள பால்நிலை வரலாற்றுச் சங்கம் வழங்கி வந்துள்ள யொஹன்னா நாபர் பரிசே அது.

1859 இல் பிறந்த நாபரின் தந்தையார் பேராசிரியர். மகளோ வீட்டிலிருந்தே வாசித்து வரலாற்றாசிரியரானார். ஒல்லாந்த மொழியும் பண்பாடும் பயிலும் மாணவர்கள் இன்றும் வாசிக்கின்ற 'சாரா பர்கர்ஹார்ட்' என்ற நாவலை 1782 இல் சேர்ந்து எழுதியவர்கள் பெற்யே வொல்ஃப், ஆக்யே டேக்கன் என்னும் இரு பெண்கள். 1787 இல் பிரஷ்யப் படை நாட்டுக்குள் புகுந்த பின்னர் இவர்கள் பிரான்சுக்கு இடம்பெயர்ந்து, 1797 இல்தான் ஊர் திரும்பினர். இவர்களது வாழ்க்கையை நூலாக எழுதியவர் நாபர். பெண்களைப் பற்றி எழுதப் புறப்பட்டபோது, அவர்களின் கடிதங்களையும் குறிப்புகளையும் எவரும் பேணி வைப்பதில்லை என்பதை அவர் கண்டிருப்பார். ஆண்களின் காகிதங்களுக்கு அலுமாரி உண்டு, பெண்களுடையவை அடுப்புக்குப் போய்விடும்.

1935 டிசம்பர் 3 ஆம் திகதி, தமது 76 ஆவது வயதில், ரோசா மனுஸ், வில்லமைன் போஸ்துமுஸ் ஆகியோருடன் சேர்ந்து ஆம்ஸ்ரர்டாம் நகரில் பெண்கள் இயக்கத்துக்கான சர்வதேச ஆவணக் காப்பகத்தை நாபர் ஆரம்பித்தார். நெதர்லாந்தின் முதல் பெண் மருத்துவர் அலெற்றா யாக்கொப்ஸின் காகிதங்களும் அங்கே வந்து சேர்ந்தன.

1940 மே மாதம் ஜேர்மன் படை நாட்டைப் பிடித்தது. யூலையில் காப்பகத்துக்கு வந்தவர்கள் அங்கிருந்த நூல்களையும் ஆவணங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். துப்பாக்கியோ வெடிமருந்தோ அல்ல, பெண்கள் எழுதிய கடிதங்கள்! இடம்பெயர்ந்த சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எமது மாதர் சங்கக் கூட்டங்களுக்கு வருவோரிற் பலர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் ஒரு சொப்பிங் பையிலே சுற்றி வைத்திருப்பார்கள். நித்திரையிலும் அது தலைமாட்டில்தான் இருக்கும். அந்தப் பை தவறிப்போனவர்கள் கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கி, தாம் யார் என்பதை நிரூபிக்கப் பட்ட பாட்டை நான் கூடநின்று பார்த்திருக்கிறேன்.

நாபர் 1941 மே மாதம் காலமானார். யூதப் பெண்ணான ரோசா மனுஸ் அதே ஆண்டில் கைது செய்யப்பட்டு ராவன்ஸ்புரூக் பெண்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அவர் திரும்பி வரவேயில்லை.

மூவரில் எஞ்சிய போஸ்துமுஸ், யுத்தம் முடிந்ததும் மீண்டும் தொடங்கினார். கொண்டுசெல்லப்பட்டவற்றுள் ஒரு சிறு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. அதற்காக அவர் கைகட்டி இருக்கவில்லை. 1948 இல், நெதர்லாந்துப் பெண்களின் வரலாற்றை 'தாயிடமிருந்து மகளுக்கு' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாகத் தொகுத்து வெளியிட்டார். மற்றவை அழிந்தே போயின என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தனர்.

1992 இல், சோவியத் ஒன்றியம் கலைந்த மறு மாதமே, மொஸ்கோவிலுள்ள இரகசியக் காப்பகமொன்றில் அக்காகிதங்கள் இருப்பது தெரியவந்தது. ஜேர்மனியர் கொள்ளையிட்டதைச் சோவியத் படையினர் யுத்த முடிவில் தம்முடன் கொண்டுபோயிருந்தனர். இருக்கும் இடம் தெரிந்த பிறகும் அவற்றைத் திருப்பிப் பெற 11 ஆண்டுகள் சென்றன. 2003 இல் அவை ஆம்ஸ்ரர்டாம் வந்து சேர்ந்தன. இப்போது ஆட்ரியா என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தில் மாணவர்கள் அவற்றை வாசிக்கலாம்.

போஸ்துமுஸ் அம்மையார் தமது 91 ஆவது வயதில் காலமானது 1989 இல். மொஸ்கோவிலிருந்து செய்தி வருவதற்கு இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன.