பாண்டிச்சேரி ரொட்டியும் நெய்வேலிக் கரியும்

பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியின் டவுன்ஷிப்பில் நண்பர்கள் நாலு பேருக்கு ஒரே நாளில் விடுமுறை அமைந்துவிட்டால் பாண்டிச்சேரிக்கு வண்டி கிளம்பிவிடும். கடற்கரைச் சாலையில் காலாற நடந்து, துய்மா வீதிப் பக்கம் திரும்பினால் சின்னச் சின்ன பிரெஞ்சு உணவகங்கள். பிஸ்த்ரோ என்று சொல்லப்படுகிற அந்த இடங்களில் மேசைகள் கொஞ்சம்தான். உட்கார்ந்து பேச்சு சூடுபிடிப்பதற்குள் ஒரு கூடையில் பகெத் ரொட்டி வந்துவிடும்.

ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். மேல்தோல் நொறுங்கி, செதில் செதிலாக மேசையில் உதிரும். தோல் தேன் நிறத்திலிருந்து ஆழ்ந்த பழுப்பு வரை போகிறது. உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு. ஒரே மாவு, ஒரே அடுப்பு. அப்புறம் ஏன் இந்த இரண்டு நிறம்?

எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை. அடுப்பின் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். ஆனால் மாவுக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். மேற்பரப்பு மட்டும் காய்ந்து, 140 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அங்கேதான் மாவிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருட்களையும் உண்டாக்குகின்றன. ரொட்டித் தோலின் மணத்தில் முக்கியமான ஒன்று 2-அசிட்டைல்-1-பைரோலின். பாஸ்மதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் வாசனை தருவதும் அதே பொருள்தான்!

இதைத் தெரிந்துதான் ரொட்டிக்காரர்கள் முதல் சில நிமிடங்கள் அடுப்புக்குள் நீராவி விடுகிறார்கள். ஈரத்தில் தோல் இறுகாமல் நெகிழ்ந்து கொடுக்கும், ரொட்டி நன்றாக உப்பும். பிறகு ஆவியை வெளியேற்றினால் தோல் காய்ந்து சிவக்கும். அடுத்து வருகிற வெங்காய சூப்பிலும் இதுதான் கதை. வெங்காயம் முதலில் நீர் விட்டு வெளிறிக் கிடக்கும்; அந்த நீர் சுண்டிய பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும். அவசரப்பட்டால் நடக்காது.

இந்தப் பழுப்பாகும் வினையை விவரித்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் சமையலைப் பற்றி யோசிக்கவே இல்லை. உயிரினங்கள் புரதத்தை எப்படிக் கட்டுகின்றன என்று அறிய அமினோ அமிலங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கிளைசினையும் குளுக்கோஸையும் நீரில் கரைத்துச் சூடேற்றியபோது கரைசல் மஞ்சளாகி, பழுப்பாகி, கரியமில வாயுவையும் வெளியிட்டது. 1912இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதை அறிவித்தார்.

நெய்வேலிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் அடுத்து வருகிறது. அதே ஆண்டு அவர் அளித்த இன்னொரு கட்டுரை, மண்ணிலுள்ள மக்கு (ஹியூமஸ்), நிலக்கரி போன்ற எரிபொருட்கள் ஆகியவை உருவாவதைப் பற்றியது. காற்றின் ஆக்சிஜனோ, நுண்ணுயிரோ, பெருஞ்சூடோ, பேரழுத்தமோ இல்லாமலே, இந்தப் பழுப்பாகும் வினையால் அவை உண்டாகலாம் என்றார். அடுப்பில் நிமிடங்களில் நடப்பது மண்ணுக்கடியில் மெதுவாக நடக்கக்கூடும் என்பது அவர் வாதம்.

இன்றைய அறிவியல் அதை முழுதாக ஏற்கவில்லை. பழுப்பு நிலக்கரிக்கு முதன்மையான மூலப்பொருள், மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின். சதுப்பு நிலக் காடுகள் காற்றுப் படாத நீரில் அமிழ்ந்து, மேலே மணலும் களிமண்ணும் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரியானவை. சுரங்கத்திலிருந்து வரும் சில கட்டிகளில் மரத்தின் நாரோட்டம் இன்றும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மக்கு உருவாவதில் மயார் வினைக்கும் பங்குண்டா என்ற ஆராய்ச்சி ஓயவில்லை.

தண்ணீர்க் கணக்கு இங்கேயும் விடாது. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 290 கிலோஜூல் போதும். அதை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். அதனால்தான் அனல்மின் நிலையத்தில் உலையின் சூடான புகைவாயுவைத் திருப்பி எடுத்து, கரியை அரைக்கும்போதே உலர்த்துகிறார்கள். ஈரம் போகாமல் கரியும் ஒழுங்காக எரியாது, ரொட்டியும் சிவக்காது.

வீட்டு அடுப்புக்கும் இது பொருந்தும். மீன் வறுக்கும்போது துண்டுகளை ஈரம் போகத் துடைத்து மசாலா தடவுங்கள். கல்லை நிரப்பாமல் இடம் விட்டுப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்துபோகும், மொறுமொறுப்புக்கு வழியில்லை.