ரொட்டி சாப்பிடும் ஊரில் எதற்கு இத்தனை நெல்?

பஞ்சாப் வீடுகளில் தட்டில் விழுவது கோதுமை ரொட்டி. ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் வயல்களில் நடுவது நெல். தாங்கள் அதிகம் சாப்பிடாத ஒன்றை, அதுவும் தண்ணீர் குடிக்கும் பயிரை ஏன் இப்படி விளைவிக்கிறார்கள்?

காரணம், அரசு செலவழிக்கும் விதம். நெல்லைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசே வாங்கிக்கொள்கிறது. விற்காமல் போகுமோ என்ற பயமில்லை. 1997-ல் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரமும் வந்தது. இரவில் கரன்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுத் தூங்கலாம். பில் வராதபோது எழுந்துபோய் அணைக்க யாருக்குத் தோன்றும்?

விளைவு, ஓர் ஆண்டில் நிலத்துக்குள் ஊறும் நீரைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் அங்கே உறிஞ்சப்படுகிறது. நீர்மட்டம் இறங்க இறங்க போர்வெல்லை ஆழமாக்க வேண்டும், பெரிய மோட்டார் வாங்க வேண்டும். வசதி உள்ளவர் சமாளித்துவிடுவார். இரண்டு ஏக்கர்காரர் கடன் வாங்குவார். இலவசம் என்று பெயர்தான்!

2009-ல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்று அது அப்போது விதித்தது. கோடை வெயிலில் தண்ணீர் ஆவியாவது மிச்சமாகும். நல்ல யோசனைதான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிச்சம். வைக்கோலை அகற்ற நேரமில்லாமல் தீ வைக்கிறார்கள். டெல்லியின் புகைமூட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இதற்கும் அதில் பங்கு இருக்கிறது.

2018-ல் பஞ்சாப் வேறு வழியை முயன்றது. பம்ப்செட்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கிவிட்டு, மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் விவசாயியின் வங்கிக் கணக்கில். விருப்பப்பட்டவர்கள் சேரலாம். 2020-ல் ஹரியானா, நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்றது.

மானியத்தைப் பிடுங்காமல் திசைமாற்றும் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மக்காச்சோளத்தையும் பருப்பையும் நெல்லைப்போல நிச்சயமாக வாங்க ஆளிருந்தால்தானே விவசாயி துணிவார்?

நம் ஊரிலும் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம்தான். இங்கேயும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தரலாமே எனத் தோன்றும். ஆனால் ஏராளமான பம்ப்செட்டுகளுக்கு மீட்டரே கிடையாது. மிச்சம் பிடித்தது எத்தனை யூனிட் என்று எதைப் பார்த்துச் சொல்வது?