வைக்கத்தில் ஒரு சீக்கியப் பந்தி

1924 ஏப்ரலில் பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் கேரளத்தின் வைக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து அங்கே மார்ச் 30 முதல் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் தொண்டர்களுக்காக இலவச உணவுச்சாலை திறந்தார்கள். குருத்வாராக்களை மீட்கச் சொந்த மண்ணில் அடிபட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த நேரத்திலும் இவ்வளவு தூரம் வந்தார்கள். சீக்கியரின் லங்கர் என்னும் பொது உணவுச்சாலையில் யாருடைய சாதியையும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பந்திதான். கிட்டே வந்தாலே தீட்டு என்றிருந்த ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம்!

காந்தி இதை ஏற்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் பிறர் போடும் சோற்றை நம்பியிருப்பது சுயமரியாதைக்கு இழுக்கு என்றார். உணவுச்சாலை மூடப்பட்டது.

அதற்கு முன்பே, சத்தியாகிரகத்தில் இறங்கியிருந்த ஜார்ஜ் ஜோசப்புக்கும் காந்தியிடமிருந்து கடிதம் போயிருந்தது. கிறிஸ்தவரான ஜோசப் மதுரையில் பாரிஸ்டர். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் வதைபட்ட கள்ளர்களுக்காக நின்றவர். அவர்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தவர். காந்தி சிறையிலிருந்தபோது அவருடைய 'யங் இந்தியா' இதழின் ஆசிரியராக இருந்தவரும் அவரே. தீண்டாமை இந்துக்களின் பாவம், பரிகாரத்தையும் அவர்களே செய்யட்டும், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று ஏப்ரல் 6 அன்று காந்தி அவருக்கு எழுதினார். ஜோசப் சில நாட்களில் கைதாகிச் சிறைக்குப் போனார்.

இது வெளியார் தூண்டிவிட்ட போராட்டம் என்று வைதீகர்கள் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்ற காந்தியின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் முடிவு தவறு என்றே நினைக்கிறேன். அவை பொதுத் தெருக்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் அங்கே தடையில்லாமல் நடந்தார்கள். தனக்குத் திறந்திருக்கும் தெரு அண்டை வீட்டுக்காரனுக்கு மூடியிருக்கும்போது, இது உன் மதத்து விவகாரம் என்று ஒரு கிறிஸ்தவர் எப்படி ஒதுங்கி நிற்பது? ஜோசப் இதைக் குடிமக்களின் உரிமைப் பிரச்சினையாகவே பார்த்தார்.

தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைக்குப் போனபோது, வந்து நடத்துங்கள் என்று பெரியாருக்கு எழுதியவர்களில் ஜோசப்பும் ஒருவர். ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் இருமுறை சிறை சென்றார். ஈழவர்களின் ஆன்மிகத் தலைவர் நாராயண குரு போராட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்.

1925 நவம்பரில் சமரசம் ஏற்பட்டு மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெருவுக்கு 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வர வேண்டியிருந்தது.