'டூ', 'ஸீ': ஜெர்மன் மொழியில் நீயும் நீங்களும்

தமிழில் 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல, ஜெர்மன் மொழியில் 'டூ', 'ஸீ' என்னும் இரு முன்னிலைச் சொற்கள் உள்ளன. பெயரைக் கேட்கும்போது சிறுவனிடம் 'வீ ஹைஸ்ட் டூ?' என்பர், அறிமுகமில்லாத பெரியவரிடம் 'வீ ஹைசன் ஸீ?' என்பர். சொல்லுக்கேற்ப வினைமுற்றும் மாறும்.

'ஸீ' என்ற சொல்லுக்கு 'அவர்கள்' என்ற பொருளும் உண்டு. முன்னிலையில் மரியாதையாக வரும்போது எழுத்தில் அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவர். ஒருவரை அழைத்தாலும் பலரை அழைத்தாலும் 'ஸீ' ஒன்றே. நெருக்கமானவர் பலர் என்றால் 'ஈர்' என்பர்.

எங்கே எதைப் பயன்படுத்துவது?

• டூ: குடும்பத்தினர், நண்பர்கள், குழந்தைகள். கடவுளை வேண்டும்போதும் இதுவே.
• ஸீ: மருத்துவர், அலுவலர், கடைக்காரர், புதிதாகச் சந்திக்கும் பெரியவர்கள். பெயர் சொல்லி அழைக்கும்போது ஆணுக்கு 'ஹெர்', பெண்ணுக்கு 'ஃபிராவ்' சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்வர்.

தாத்தா பாட்டியையும் பேரக் குழந்தைகள் 'டூ' என்றே அழைப்பர். அது மரியாதைக் குறைவன்று. வயதைவிட நெருக்கமே இங்கு அளவுகோல்.

பெரியவர்களுக்கிடையே இவ்வழக்கம் பொதுவாக இருவழிப்பாதை. ஒருவர் 'ஸீ' என்றால் மற்றவரும் 'ஸீ' என்பார். 'டூ'வுக்கு மாற வேண்டுமெனில், வயதில் மூத்தவரோ பணியில் உயர்ந்தவரோதான் முதலில் அழைப்பு விடுக்க வேண்டும். இளையவர் தாமாக மாறுவது அத்துமீறலாகக் கருதப்படும்.

பள்ளியில் மட்டும் சில ஆண்டுகள் இது ஒருவழிப்பாதையாக இருக்கிறது. மாணவர் ஆசிரியரை 'ஸீ' என்பார்; ஆசிரியர் மாணவரை 'டூ' என்பார். ஏறத்தாழ 16 வயதில், மேல்நிலை வகுப்புகளில் நுழையும்போது, ஆசிரியரும் மாணவரை 'ஸீ' என அழைப்பது மரபு. பெரும்பாலும் முதற்பெயருடன் 'ஸீ' சேர்ப்பர். பழைய நெருக்கம் கருதி, 'டூ' என்றே அழையுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் மாணவர்களும் உண்டு. அப்போதும் முடிவு மாணவருடையது. 'நீ இனிச் சிறுபிள்ளை அல்ல' என்பதை ஓர் அறிவுரையும் இன்றி அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது.

இதை மொழிப்பாட வகுப்பில் ஒரு செயல்பாடாக்கலாம். தாம் யாரை 'நீ' என்கிறோம், யாரை 'நீங்கள்' என்கிறோம், தம்மை யார் எப்படி அழைக்கிறார்கள் என மாணவர்கள் பட்டியலிடட்டும். எங்கே இருவழி, எங்கே ஒருவழி என்பதை அவர்களே கண்டறிவர். நம் 11ஆம் வகுப்பு மாணவருக்கும் வயது ஏறத்தாழ 16தான். அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதும் அப்பட்டியலில் இடம்பெறட்டும்.