நாலு மாசம்தான் ஆயுசு!

"பத்து நாளா விடாம முருங்கைக்கீரை சாப்பிடறேன், மாத்திரையும் போடறேன். இன்னும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதே டாக்டர்... மருந்தை மாத்திடலாமா?"

ரத்தசோகைக்கு வைத்தியம் பார்க்க வரும் பெண்கள் பலரும் கேட்கிற கேள்வி இது. குறை மருந்தில் இல்லை. நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் இந்த அவசரம் வராது.

உங்கள் பிள்ளையின் பாடப் புத்தகத்தில் செல்லின் படத்தைப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய சவ்வு, உள்ளே கூழ் போன்ற திரவம், நடுவில் உட்கரு. இந்தப் படத்துக்கு அடங்காத ஆசாமிதான் சிவப்பணு. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கும் உட்கரு உண்டு. ஆனால், ரத்தத்துக்கு வருவதற்கு முன்பே அதை வெளியே தள்ளிவிடுகிறது! சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. இருந்தால், சுமந்து போகிற பிராணவாயுவை வழியிலேயே செலவழித்துவிடுமே! காலியான இடத்தில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உட்கார்ந்துகொள்கின்றன.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. உட்கருதான் செல்லின் சமையல் குறிப்பு நோட்டு. அது இல்லாததால் சிவப்பணுவால் புதுப் புரதம் செய்து தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள முடியாது, இரண்டாகப் பிரியவும் முடியாது. சுமார் 120 நாளில் விறைத்துப்போய், பெரும்பாலும் மண்ணீரலில் மாட்டி அழிகிறது. அதிலிருக்கும் இரும்பை உடம்பு பத்திரமாக எடுத்து வைத்து, புதுச் சிவப்பணு செய்யப் பயன்படுத்துகிறது. வெளியே போவது தினம் ஒரு மில்லிகிராம் அளவுதான். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிற பெண்களுக்குத்தான் கணக்கு இடிக்கும்.

(சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் 'ஹெச்பிஏ1சி' சோதனையும் இந்த ஆயுசை வைத்துத்தான். ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை, இரண்டு, மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது!)

எல்லா செல்லும் இப்படியில்லை. குடலின் உட்பூச்சு செல்கள் நாலைந்து நாளில் புதுசாகிவிடும். தோலின் மேல்பகுதிக்கு ஒரு மாதம் போல ஆகும். மூளையின் நரம்பு செல்களில் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து நம்மோடே போகிறவை. வாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறுகிறதே, பக்கவாதம் ஏன் அப்படி ஆறவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ரத்தசோகைக்கு வருவோம். இரும்புச்சத்து கிடைத்ததும் மஜ்ஜை ஒரு வாரத்துக்குள் வேலையை முடுக்கிவிடும். ஆனாலும் ஹீமோகுளோபின் மாதத்துக்கு ஒன்றிரண்டு கிராம்தான் ஏறும். 8 கிராம் இருப்பவர் 12-ஐத் தொட இரண்டு மாதமாவது வேண்டாமா? தொட்ட பிறகும் நிறுத்தக் கூடாது. உடம்பின் இரும்புக் கிடங்கு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போல மருந்து தொடர வேண்டும். பாதியில் விடுகிறவர்கள்தான் மறுபடி மறுபடி வெளுத்துப் போகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை!

சித்த மருத்துவத்தில் இதைப் 'பாண்டு' என்போம். நாங்கள் தரும் அன்னபேதி செந்தூரமும் இரும்புதான். ஆங்கில மாத்திரையும் இரும்புதான். மஜ்ஜை எந்த வைத்தியம் என்று விசாரிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். மருந்தோடு காபி, டீ வேண்டாம். எலுமிச்சை, நெல்லிக்காய் நல்லது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம்.

இரும்பு சாப்பிடாமலே மலம் கறுத்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தசோகை வந்தால் மூலம், குடல்புண், கட்டி என்று எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அவர்கள் டானிக் வாங்குவதற்கு முன் பரிசோதனைக்குப் போகட்டும்.